ஒரே மருந்தாளுநர், நாளுக்கு 210 பில்: மாலைக் கூட்டத்தை என்ன செய்வது?

கடலூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியும்படியான விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறோம்.

டி.பார்ம் படித்தவர். கணவருடன் சேர்ந்து மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் அவர் ஒருவர்தான். கணவர் பில் போடுகிறார், கணக்கு பார்க்கிறார். ரேக்கிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்க இரண்டு பையன்கள். ஒரு வருடத்துக்கு முன்பு அதே தெருவில் ஒரு குழந்தைகள் டாக்டரும் ஒரு சர்க்கரை டாக்டரும் கிளினிக் திறந்தார்கள். ஜிப்மர் போய்விட்டுப் புதுச்சேரி பஸ்ஸில் திரும்புகிறவர்களும் சாயங்காலம் இங்கேதான் சீட்டோடு நிற்கிறார்கள். நாளுக்கு 120 ஆக இருந்த பில் இப்போது 210. அதில் 95 பில் மாலை 6.30 முதல் 9 மணிக்குள் விழுகிறது. மாத முதல் வாரம் இன்னும் மோசம். "அந்த நேரத்துல நான் எந்தச் சீட்டையும் முழுசா படிக்கிறதில்ல. பசங்க எடுத்துக் கொடுத்துடறாங்க" என்று அவரே எழுதியிருக்கிறார்.

போன மாதம் ஒரு பெரியவருக்கு கிளிமிபிரைடு 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் போய்விட்டது. இரண்டு நாள் சாப்பிட்டுத் தலைசுற்றல் வந்தது. அவர் மனைவி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இவர்கள் எதுவும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய கேள்விகள்: இன்னொரு பையனை வைத்தால் போதுமா? ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மாதம் 5,000 ரூபாய்க்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? பக்கத்துக் கடை காலியாகிறது, சுவரை இடித்துச் சேர்க்கலாமா? வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? டாக்டர் எழுதிய பிராண்டு இல்லாதபோது அதே மருந்தை வேறு பிராண்டில் தருவது சரிதானே? பெரிய சங்கிலிக் கடைகள் 20 சதவீதம் தள்ளுபடி தருகின்றன, நாமும் தரவேண்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் இன்றே பேசுங்கள். நடந்தது என்ன, எந்த மாத்திரை எத்தனை நாள் போனது என்பதை அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடு இரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கும் மருந்து. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, அது உடம்பில் அதிக நேரம் தங்கும். தலைசுற்றல் சர்க்கரை இறங்கியதால் வந்தது என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால், வயசாகிவிட்டது, பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு எதையாவது மாற்றி எழுதிவிடுவார். சொன்னால் கடையின் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். அட்டையைக் கொண்டுவந்து காட்டியவருக்கு என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரியும். நீங்கள் மறைத்ததும் தெரியும். அதனால் சொல்வதுதான் உங்களுக்கும் நல்லது. ஒரு நோட்டுப் போட்டு, தவறாகக் கொடுத்தவற்றையும் கொடுக்கப்போய்க் கடைசியில் கண்டுபிடித்தவற்றையும் தேதி, நேரம், மருந்து, காரணம் என்று எழுதிவையுங்கள். இரண்டு மாதம் எழுதினால், எந்த நேரத்தில், எந்த ரேக்கில், எந்த மருந்தில் தவறு நடக்கிறது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும். பையன்களைத் திட்ட அந்த நோட்டை எடுக்காதீர்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த தவறு அதில் ஏறாது.

உங்கள் கணக்கு என்ன சொல்கிறது

கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 6.30 முதல் 9 வரை 150 நிமிடம், 95 பில். மணிக்கு 38 பில். ஒரு சீட்டைப் படித்து, எடுத்த மருந்தைச் சரிபார்த்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல, எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 3 நிமிடம் ஆகும். அப்படியானால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருந்தாளுநருடைய வேலை 114 நிமிடம். உங்களிடம் இருப்பது 60. மீதி 54 நிமிட வேலையை யார் செய்கிறார்கள்? யாரும் செய்வதில்லை. பையன் எடுத்தது நேராகப் பைக்குள் போகிறது. அந்தப் பெரியவருக்கு 2 மில்லிகிராம் போனது அந்த 54 நிமிடத்தில்தான்.

அதனால் மூன்றாவது பையன் வந்தால் மருந்து இன்னும் வேகமாகப் பைக்குள் போகும், சரிபார்ப்பு இன்னும் குறையும். உங்களிடம் குறைவது எடுத்துக் கொடுக்கும் கை இல்லை, படித்துச் சரிபார்க்கும் கண். இதற்கு வழி இரண்டு, இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சாயங்காலம் வரவேண்டிய அவசியம் இல்லாத வேலையைப் பகலுக்கு நகர்த்துவது ஒன்று. அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்கு இன்னொரு மருந்தாளுநரை வைப்பது மற்றொன்று.

மாதாந்திர மருந்தைப் பகலுக்கு நகர்த்துங்கள்

மாலைக் கூட்டத்தில் மூன்றில் ஒருவர் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மருந்துக்காக வருகிறவர் என்கிறீர்கள். அதாவது மாலைக்கு 32 பேர், 26 நாளில் சுமார் 830 வருகை. ஆனால் அது 830 ஆட்கள் இல்லை. நம் ஊரில் பெரும்பாலோர் பத்துப் பத்து மாத்திரையாகத்தான் வாங்குகிறார்கள். ஒரே ஆள் மாதம் மூன்று தடவை வருகிறார். ஆட்கள் 280 பேர் இருப்பார்கள். ஒரு தடவை வந்து 30 நாளுக்கு வாங்கிக்கொண்டால், நாளுக்கு 11 பேர். அந்த 11 பேருக்கான மருந்தையும் முன்கூட்டியே கட்டி வைத்துவிடலாம்.

செய்முறை இது. ஒரு நோட்டோ பில்லிங் சாப்ட்வேரோ, ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், போன், டாக்டர், மருந்து, வீரியம், வேளை, அடுத்த தேதி. ஒரே ஆளின் ஐந்து மருந்தும் ஐந்து வெவ்வேறு நாளில் தீர்ந்தால், முதல் மாதம் மட்டும் குறைவதைக் கூட்டிக் கொடுத்து எல்லாம் ஒரே நாளில் தீரும்படி ஒழுங்குபடுத்துங்கள். தேதிக்கு மூன்று நாள் முன்பு போன்: "டாக்டரைப் பார்த்தீங்களா? மாத்திரை ஏதாவது மாத்தியிருக்காரா? ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்களா?" இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் பை கட்டக்கூடாது. நிறுத்திய மருந்தை மாதாமாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பது இந்த ஏற்பாட்டில் வரும் பெரிய ஆபத்து. உங்கள் கடையில் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை ஆள் வருவதில்லை என்கிறீர்கள். பையன் எடுக்கட்டும், நீங்கள் உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கட்டுங்கள். வந்து வாங்கும்போது ஒரு நிமிடம் போதும்.

இங்கே உங்கள் எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டும். "பழைய சீட்டுதான், எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் திரும்பத் தரலாம் என்று எழுதாத சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம் என்பது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி. ஆகவே எதிரில் இருக்கும் சர்க்கரை டாக்டரை ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். நிலையாக இருக்கிற நோயாளிகளுக்கு "3 மாதம் வரை, மாதம் ஒரு முறை தரலாம்" என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கும் இது நல்லதுதான், நோயாளி மருந்தை விடாமல் சாப்பிடுவார். ஒவ்வொரு முறை தரும்போதும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதி குறிக்க வேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள்.

எல்லாரையும் 30 நாளுக்கு வாங்கச் சொல்லி நெருக்காதீர்கள். பத்து மாத்திரையாக வாங்குகிறவர்களில் பலருக்கு அன்றைக்குக் கையில் இருப்பதே அவ்வளவுதான். துறைமுகத்துக்குப் போகிறவர், நாள்கூலிக்காரர் இவர்களுக்கு 15 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே வருகையைக் குறைக்கும். அதற்கும் முடியாதவருக்கு, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது என்றும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் ஜெனரிக் மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றும் நீங்களே சொல்லுங்கள். பணமில்லாமல் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிடுகிறவரை நம் கடைக்கே வரட்டும் என்று வைத்துக்கொள்வதில் ஒரு நியாயமும் இல்லை.

சான்றிதழ் வாடகைக்கு வேண்டாம்

மாதாந்திர மருந்தை நகர்த்திய பிறகு மாலையில் 63 புதிய சீட்டு மிஞ்சும். மணிக்கு 25. எடுப்பது பையன், பில் கணவர் என்று பிரித்து, நீங்கள் சரிபார்த்துச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் சீட்டுக்கு 2 நிமிடம், மணிக்கு 50 நிமிடம். கட்டிவைத்த பை நாலைந்து சேர்த்தால் 54. அறுபதுக்குள் அடங்கிவிட்டதே என்று நினைக்கலாம். அடங்காது. ஆட்கள் இரண்டரை நிமிடத்துக்கு ஒருவராக வரமாட்டார்கள். டாக்டர் எட்டுப் பேரைப் பார்த்து அனுப்பினால் எட்டுப் பேரும் ஒன்றாக வருவார்கள், பஸ் வந்தால் பத்துப் பேர். இப்படிக் கொத்தாக வரும் இடத்தில், ஒருவருடைய நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிவிட்டாலே வரிசை தெருவுக்குப் போய்விடும். மாலை 5.30 முதல் 9.30 வரை இரண்டாவது மருந்தாளுநர் கண்டிப்பாக வேண்டும்.

நிஜமாக வந்து நிற்கும் ஆள் வேண்டும். சுவரில் மாட்டிய சான்றிதழ் சீட்டைப் படிக்காது. சீட்டு மருந்து, பதிவு பெற்ற மருந்தாளுநர் கையாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் தரப்பட வேண்டும். 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவில், மருந்தாளுநர் அல்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆய்வாளர் வரும்போது சான்றிதழ் தந்த அந்த ஓய்வு பெற்ற மருந்தாளுநர் கடையில் இல்லை என்றால் உங்கள் உரிமத்தை இடைநீக்கவோ ரத்துசெய்யவோ முடியும், அவருடைய பதிவுக்கும் ஆபத்து. தவறான மருந்தால் யாருக்காவது உயிர்ச்சேதம் வந்தால் வழக்கு உங்கள் இருவர் மேலும் வரும். அவருக்கு உண்மையிலேயே வேலை வேண்டுமென்றால், மாலை நான்கு மணி நேரம் கடையில் நிற்கச் சொல்லி, நியாயமான சம்பளம் கொடுங்கள். பொறுப்பு மருந்தாளுநர் மாறினாலோ சேர்ந்தாலோ ஒரு மாதத்துக்குள் உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

புதிதாகப் படித்து முடித்தவர்கள் 20,000 கேட்கிறார்கள், கட்டுபடியாகுமா என்று தயங்குகிறீர்கள். உங்கள் சராசரி பில் 220 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடுதலாக வந்த 90 பில்லுக்கு நாளுக்கு 19,800 ரூபாய் வியாபாரம். லாபம் 15 சதவீதம் என்று வைத்தாலும் 2,970, மாதம் 26 நாளுக்கு 77,000. காலாவதிச் சரக்கு, கரண்ட் பில், பையன்கள் சம்பளம் எல்லாம் கழித்தாலும் 20,000 கொடுக்க இடம் இருக்கிறது.

இன்னொன்று. மதியம் 1 முதல் 2.30 வரை நீங்கள் வீட்டுக்குப் போகும்போது பையன் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் சீட்டு மருந்து விற்கக்கூடாது. "மருந்தாளுநர் 2.30க்கு வருவார்" என்று பலகை மாட்டுங்கள். புது மருந்தாளுநர் முழு நேரத்துக்கு வந்தால் இந்த இடைவெளியும் அடைபடும்.

கவுண்டரில் என்ன மாற்றம்

இப்போது எல்லாரும் ஒரே கவுண்டரில் கைநீட்டுகிறார்கள். மூன்றாகப் பிரியுங்கள். இடது கோடியில் சீட்டு வாங்கி டோக்கன் கொடுப்பது, நடுவில் பில், வலது கோடியில் மருந்து ஒப்படைப்பது. ஒரு சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. சீட்டும் எடுத்த மருந்தும் பில்லும் அந்தத் தட்டிலேயே ஒன்றாக நகர வேண்டும். இரண்டு பேருடைய அட்டை ஒரே மேஜையில் கலந்து கிடப்பதுதான் பாதித் தவறுக்குக் காரணம். வலது கோடியில் நிற்பவர் எப்போதும் மருந்தாளுநர்தான். சாயங்காலம் அந்த இடத்தை விட்டு அவர் நகரக்கூடாது. ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) பையன் பணத்துக்கு வந்தாலும், போன் அடித்தாலும் சரி.

அங்கே செய்யும் சரிபார்ப்புக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பில்லைப் பார்த்து மருந்தைச் சரிபார்க்காதீர்கள், சீட்டைப் பார்த்துச் சரிபாருங்கள். பையன் தவறாக எடுத்ததை வைத்துத்தான் பில் போட்டிருப்பார்கள், பில்லும் மருந்தும் அழகாகப் பொருந்தும். பெயர், மருந்து, வீரியம், வகை, எண்ணிக்கை, காலாவதி என்று விரல் வைத்து ஓட்டுங்கள். பிறகு வாங்க வந்தவரிடம் "பேரு சொல்லுங்க" என்று கேளுங்கள். "செல்விதானே?" என்று கேட்டால், இரைச்சலில் காது கேட்காதவரும் தலையாட்டிவிடுவார். ஒரே மாலையில் இரண்டு செல்வி வருவது நம் ஊரில் சாதாரணம்.

ரேக்கில் அதிகம் மாறுவது பெயரின் வால். டெல்மிசார்டன் 40, அதன் ஹெச், அதன் ஏஎம் மூன்றும் ஒரே நிறப் பெட்டியில் வரும். ஹெச் என்றால் நீர் பிரியும் மாத்திரை சேர்ந்தது, ஏஎம் என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அகர வரிசைப்படி அடுக்கினால் கை தப்பத்தான் செய்யும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் வேறு மருந்தை வையுங்கள், ரேக் விளிம்பில் சிவப்பு ஸ்டிக்கரில் வாலை மட்டும் பெரிதாக எழுதுங்கள். கிளிமிபிரைடு 1, 2 இரண்டுக்கும் இதேதான். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை கடையிலேயே வைத்துக்கொள்ளும்படி எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்டப் பழக்குங்கள்.

மெத்தோட்ரெக்சேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஜிப்மரில் எழுதிக் கொடுத்துப் பலர் வாங்குவார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி, இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதோடு எழுதும் ஃபோலிக் ஆசிட்டும் சின்ன மஞ்சள் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட்டை ரேக்கில் வைக்காதீர்கள், மருந்தாளுநர் மேஜை டிராயரில் வையுங்கள். பையில் "வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று சீட்டில் உள்ள கிழமையைத் தமிழில் எழுதி, வாங்குகிறவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு மருந்துக்கு வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட நேரத்தில் எச்1 பதிவேடு (கூடுதல் கட்டுப்பாடுள்ள சீட்டு மருந்துகளுக்கானது) எழுத முடியவில்லை, பில்லில் டாக்டர் பெயர் இருக்கிறதே என்கிறீர்கள். பில் போதாது. 2014 மார்ச் 1 முதல் அட்டவணை எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம்: எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு. மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தூக்க மாத்திரை மட்டும் இல்லை. குழந்தைகள் டாக்டர் தினமும் எழுதும் செஃபிக்சிம், செஃப்போடாக்சிம் வகைகளும், லெவோஃபிளாக்சசினும், காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. பதிவேட்டை ஒப்படைக்கும் மேஜையிலேயே திறந்து வையுங்கள், எழுதிய பிறகே பை கைமாறட்டும். காசநோய் மருந்து தந்தால் அரசுக்குத் தெரிவிப்பதும் கடையின் கடமை.

சளி, காய்ச்சலுக்குச் சீட்டில்லாமல் "ரெண்டு அசித்ரோமைசின் கொடுங்க" என்று வருகிறவர்களுக்குப் பையன்கள் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அசித்ரோமைசின் எச்1இல் இல்லாவிட்டாலும், சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்சில் இருக்கிறது. இல்லை என்று ஒரு மாதம் உறுதியாகச் சொன்னால் அந்தக் கூட்டமும் குறையும்.

பிராண்டு மாற்றித் தரலாமா?

டாக்டர் மருந்தின் மூலப்பெயரை மட்டும் எழுதியிருந்தால் எந்த நல்ல கம்பெனி மருந்தையும் தரலாம். அரசு ஆஸ்பத்திரி, ஜிப்மர் சீட்டுகளில் பெரும்பாலும் அப்படி இருக்கும். பிராண்டு பெயர் எழுதியிருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு பிராண்டு மாற்றித் தர இப்போதைய விதியில் உங்களுக்கு உரிமை இல்லை. "சால்ட் (மூலமருந்து) ஒன்னுதானே" என்பது வாடிக்கையாளரிடம் சொல்லும் பதிலாக இருக்கலாம், சட்டத்தில் நிற்காது. டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள், சம்மதித்தால் சீட்டில் நேரத்தோடு குறியுங்கள். தினம் ஏழெட்டு முறை போன் போடவேண்டியிருந்தால் அந்த டாக்டரிடம் உங்கள் இருப்புப் பட்டியலை வாரம் ஒருமுறை கொடுங்கள். தைராக்சினும் வலிப்பு மருந்துகளும் சின்ன வித்தியாசத்துக்கே இரத்த அளவு மாறக்கூடியவை. அவற்றில் டாக்டருக்குத் தெரியாமல் பிராண்டு மாற்றவே கூடாது.

வாட்ஸ்அப், வீட்டுக்கு அனுப்புதல்

வாட்ஸ்அப்பில் சீட்டை முன்கூட்டி வாங்கி எடுத்துவைப்பது நல்லது, வரிசை குறையும். கடைக்கென்று ஒரு போன், ஒரு எண். பையன்களுடைய சொந்தப் போனில் நோயாளிகளின் சீட்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. மதியம் 2 மணிக்குள் வந்தால் 5 மணிக்குத் தயார் என்று எழுதிப் போடுங்கள், நேரம் வரையறுக்காவிட்டால் 7 மணிக்குப் போனும் கவுண்டரும் சேர்ந்து உங்களை இழுக்கும். வாங்க வரும்போது அசல் சீட்டைப் பார்த்து ஸ்டாம்ப் போட்ட பிறகே கொடுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதில் அவசரப்படாதீர்கள். 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு தந்த அனுமதி கொரோனா காலத்துக்காக வந்தது. அதிலேயே எச்1, அட்டவணை எக்ஸ், போதை மற்றும் மனமயக்க மருந்துகள் விலக்கப்பட்டிருந்தன. அதை நம்பி வண்டியும் ஆளும் போடாதீர்கள். உங்கள் சரக மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு, வீட்டார் யாராவது கட்டிவைத்த பையை வந்து வாங்கிப்போவதே இப்போதைக்குப் போதும்.

பக்கத்துக் கடையும் தள்ளுபடியும்

சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் போதும், உங்களிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. இடம் போதவில்லை என்று தோன்றுவது வரிசை ஒழுங்கில்லாததால். முதலில் மேலே சொன்னதைச் செய்துவிட்டு ஆறு மாதம் பாருங்கள். அப்போதும் வேண்டுமென்றால், உரிமம் என்பது ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ள இடத்துக்கு மட்டும்தான் என்பதை மறக்காதீர்கள். புது வரைபடம் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே அந்தப் பக்கம் ஒரு பெட்டி மருந்தாவது வைக்கலாம்.

தள்ளுபடிக்கு வருவோம். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்தில், 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் லாபம் கொள்முதல் விலையில் 16 சதவீதம். வரி நீங்கலாக 100 ரூபாய் விற்பனை விலையில் உங்களுக்கு மிஞ்சுவது 13 ரூபாய் 80 காசு. கட்டுப்பாட்டில் இல்லாதவற்றில் வழக்கமாக 20. அப்படியிருக்க 20 சதவீதம் தள்ளுபடி என்றால் முதல் வகையில் கைநஷ்டம், இரண்டாவதில் வாடகைகூட வராது. சங்கிலிக் கடைகள் கம்பெனியிடமே மொத்தமாக விலை பேசுகின்றன, அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. தள்ளுபடி தர ஆசைப்பட்டால், முழு மாத மருந்தை மாலை 5 மணிக்கு முன்பு வந்து வாங்குகிறவர்களுக்கு மட்டும் 4 அல்லது 5 சதவீதம் கொடுங்கள். அந்தப் பணம் கூட்டத்தை நகர்த்தும் வேலையைச் செய்யும்.

மழைக்கு முன்

விற்பனை இவ்வளவு கூடியும் ஆர்டர் போடுவது பழைய கணக்கிலேயே இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. "ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதே ஆள் மறுநாள் கூட்டத்தில் இன்னொரு தடவை நிற்கிறார். அதிகம் போகும் 100 மருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் விற்பனையை, சரக்கு வரும் நாளோடு இரண்டு நாள் கூட்டிப் பெருக்குங்கள். மெட்பார்மின் 500 நாளுக்கு 12 அட்டை போகிறது, ஸ்டாக்கிஸ்ட் இரண்டு நாளில் தருகிறார் என்றால், 48 அட்டைக்குக் கீழே இறங்கும்போது ஆர்டர். புதுச் சரக்கு வந்தால் காலாவதி முன்னால் வருவது முன்வரிசையில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு நமக்குப் போதாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்து அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோதும், கடலூரில் கரண்டும் சாலையும் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். செப்டம்பர் கடைசியிலேயே சர்க்கரை, பிரஷர், இதயம், வலிப்பு, ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின் இவற்றுக்கு மட்டும் பத்து நாள் இருப்பு வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று எல்லாரும் ஓடிவருவார்கள். மாதாந்திர நோட்டு இருந்தால், புயல் உருவாகிறது என்று செய்தி வந்ததுமே அடுத்த பத்து நாளில் தீரப்போகிறவர்களுக்குப் போன் செய்து முன்னாலேயே வாங்கிப்போகச் சொல்லலாம்.

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. நடுத்தட்டில் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் குறித்து வையுங்கள். குடிதண்ணீர்ப் பாட்டிலும் பையன்கள் டிபனும் அதில் இருக்கக்கூடாது, மாலையில் நாற்பது தடவை கதவு திறப்பது அதனால்தான். காலி இடத்தில் மூடி போட்ட தண்ணீர் பாட்டில்களைத் திறக்காமல் அடுக்கிவைத்தால் கரண்ட் போனாலும் குளிர்ச்சி கொஞ்ச நேரம் நிற்கும். இன்சுலின் ஃப்ரீசரையோ பின்சுவரையோ தொடக்கூடாது. "கெட்டுப்போனா கலங்கித் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி இல்லை. ஒருமுறை உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், வேலை செய்யாது. உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே தனியே எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, ஸ்டாக்கிஸ்ட்டிடம் திருப்புங்கள். பிரிட்ஜுக்கென்று தனி இன்வெர்ட்டர் பேட்டரி இல்லையென்றால், இந்த மழைக்கு முன் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான். இரண்டாவது மருந்தாளுநரைத் தேடுவதை அதற்கும் முன்னால், இந்த வாரமே தொடங்குங்கள்.